கல்பகத்தின் இடது கண்

கல்பகத்தின் வலது கண்ணை எட்டு வருடங்களில் எழுநூறு பேராவது பார்த்திருப்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தார்கள், லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணோடு கண் ஒட்டுகிற தூரத்தில் வந்து பார்த்தார்கள். அவர்கள் எல்லோரும் இன்றைக்கு டாக்டர்கள். ஆனால் அவளுக்கு உலகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது இடது கண். அந்தக் கண் வலி இல்லாமல், சிவக்காமல், ஒரு சொட்டு நீர்கூட வடிக்காமல் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அதை எழுநூறு பேரும் பார்க்கவில்லை.

இல்லை, எழுநூறு பேரில் ஒருத்தி பார்த்தாள்.

முதலில் அந்தப் புகழ்பெற்ற வலது கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நமக்கெல்லாம் கண்ணின் நடுவில் வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறதல்லவா? கல்பகத்துக்கு அது வட்டமாக நிற்காமல், கீழே மூக்குப் பக்கமாக வழிந்து இறங்கியிருக்கும். பழைய டிரங்குப் பெட்டியின் சாவித் துவாரம் போல. பிறவியிலேயே அப்படி. அந்தத் துவாரம் வழியாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சமும் நிழலும்தான்.

அவளை வயிற்றில் சுமந்த ஏழாம் மாதத்தில், கிரகணம் பிடித்திருந்த நேரத்தில், அம்மா அபயாம்பாள் அரிவாள்மணையில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிவிட்டாளாம். அதனால்தான் பிள்ளைக்குக் கண் கிழிந்துவிட்டது என்று வீடு முழுக்கச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் கன்டோன்மென்டுக்கு வந்த குடும்பம் அது. வந்த ஊரில் தெலுங்கு கற்றுக்கொண்டார்கள், உருது கற்றுக்கொண்டார்கள். கிரகணத்தை மட்டும் வேலூரிலிருந்து அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். அபயாம்பாள் அதன்பின் வெள்ளரிக்காயைத் தொடவே இல்லை. சாகும்போதும் மகளின் கன்னத்தைத் தடவி, "என்னாலதான்டி" என்று சொல்லித்தான் செத்தாள்.

கல்பகத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோது போட்டோ எப்போதும் இடது பக்கவாட்டில்தான் எடுக்கப்பட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் அவள் தலை நிமிர்ந்ததே இல்லை. "பொண்ணு ரொம்ப அடக்கம்" என்று மகிழ்ந்தவர்கள், நிமிர்ந்ததும் எழுந்து போனார்கள். இப்படி மூன்று பேர். நான்காவதாக வந்தவர் வேணுகோபால், செகந்திராபாத் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க்.

"கொஞ்சம் நிமிர்ந்து பாரும்மா" என்றார். பார்த்தாள். அவர் முன்னால் குனிந்து, உண்மையான ஆச்சரியத்தோடு, "அரே! எங்க ஆபீஸ் பூட்டு மாதிரியே இருக்கே!" என்றார்.

கூடம் உறைந்துபோனது. கல்பகம் சிரித்துவிட்டாள். இருபத்தொன்பது வருடத்தில் அந்தக் கண்ணைப் பற்றி ஒருவர் அழாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

குழந்தைகள் இல்லை. கல்பகம் அமீர்பேட்டில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் வார்டனாகச் சேர்ந்தாள். ஜாவா படிக்க, ஆரக்கிள் படிக்க விஜயவாடாவிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெண்கள் வந்து குவிந்த காலம். ஓர் அறைக்கு ஆறு கட்டில், ஆறு கட்டிலுக்கு ஒரு கண்ணாடி. 1999-ல் அவர்களில் ஒருத்திக்குத் தீராத தலைவலி. கம்ப்யூட்டரையே பார்த்ததால் இருக்கும் என்று ஒரு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

கண் பிரிவில் டாக்டர் கிரிஜா இருந்தார். அப்போது உதவிப் பேராசிரியை, முப்பத்தைந்து வயது. ஹாஸ்டல் பெண்ணுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்றவளைத் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். பேனா கையிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, ஒரு நிமிஷம் உட்கார முடியுமா?"

கதவைத் திறந்து யாரையோ கூப்பிட்டார். பன்னிரண்டு வெள்ளைக் கோட்டுகள் உள்ளே வந்தன. கிரிஜா தன் இடது உள்ளங்கையால் கல்பகத்தின் இடது கண்ணை மெதுவாக மூடினார். "இது நல்ல கண்ணு. வெளிச்சம் பட்டுக் கூச வேண்டாம்" என்றார். பிறகு வலது கண்ணில் டார்ச் அடித்து, "பாருங்க. கொலபோமா. புஸ்தகத்துல போட்டிருக்கிற படம் மாதிரியே இருக்கு. பியூட்டிஃபுல்!" என்றார்.

பியூட்டிஃபுல். அந்தக் கண்ணை!

"உள்ளே என்ன டாக்டர் தெரியுது?" என்று கல்பகம் கேட்டாள். "எல்லாரும் பார்க்கறீங்க. எனக்கு மட்டும்தான் தெரியாது."

கிரிஜா சிரித்தார். "என்னைக்காவது ஒருநாள் உங்களுக்கும் காட்டறேன்." அப்புறம் பிள்ளைகளிடம் பாடத்தைத் தொடர்ந்தார். குழந்தை கருவில் இருக்கும்போது கண் முதலில் ஒரு கிண்ணம் மாதிரி உருவாகுமாம். கீழே ஒரு பிளவு இருக்குமாம். அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மூடாமல் நின்றுவிடும். எப்போது? ஆறாவது, ஏழாவது வாரத்தில்.

கல்பகம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வாரமா டாக்டர், மாசமா?"

"வாரம்தாம்மா. பல பேருக்கு அப்போ கர்ப்பம்னே தெரிஞ்சிருக்காது."

"ஏழாம் மாசத்துல கிரகணத்துல ஏதாவது நறுக்கினா…"

"அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். யார் என்ன நறுக்கினாலும் ஒண்ணும் ஆகாது."

அன்று சாயங்காலம் சிலக்கல்குடா வீட்டில், அம்மாவின் படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் வெள்ளரிக்காய் நறுக்கி வைத்துக் கல்பகம் விம்மி விம்மி அழுததை வேணுகோபால் பார்த்தார். அழுது முடித்ததும் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு போடலியா?" என்றார்.

இந்தக் கடனைத் தீர்க்கத்தான் அவள் அந்த ஆஸ்பத்திரிக்குத் திரும்பத் திரும்பப் போனாள். கிரிஜா கூப்பிட்டபோதெல்லாம் போய் உட்கார்ந்தாள். பாடத்துக்குப் போனாள். அடுத்த ஜனவரியில் பரீட்சைக்கும் போனாள்.

மருத்துவப் படிப்பில் அப்படி ஒரு பரீட்சை உண்டு. தாளும் பேனாவும் போதாது, நோயாளியே கேள்வித்தாள். பெரிய ஹாலில் நம்பர் ஒட்டிய ஸ்டூல்களில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாணவன் தன் முறை வந்ததும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, பேசி, பார்த்து, தொட்டு, இன்ன நோய் என்று சொல்ல வேண்டும். சொல்வதைக் கேட்க வெளியூரிலிருந்து ஒரு பரீட்சகர் வருவார். மாறாத அடையாளம் உள்ள நோயாளிகளுக்கு அங்கே பெரிய கிராக்கி. பூட்டுக்கு எத்தனை வயதானாலும் சாவித் துவாரம் மாறாது அல்லவா? கல்பகம் வருடா வருடம் அழைக்கப்பட்டாள். காலையில் புளியோதரைப் பொட்டலம், பதினொரு மணிக்கு காபி.

கல்பகத்துக்கு அந்த முறை முழுவதும் மனப்பாடமாகிவிட்டது. முதலில் தூரத்து எழுத்து அட்டை, ஒவ்வொரு கண்ணாக மூடி. பிறகு டார்ச். பிறகு இமையின் மேல் இரண்டு விரல் வைத்து அழுத்தம் பார்ப்பது. பிறகு விரல் சோதனை. மாணவன் எதிரில் உட்கார்ந்து, "என் கண்ணையே பாருங்க" என்று சொல்லிவிட்டு, கையை அகல நீட்டி, விரலை ஆட்டியபடி ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவருவான். விரல் தெரிந்ததும் சொல்ல வேண்டும். பக்கப் பார்வை எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அதில் தெரியும்.

எல்லாம் தெரிந்தாலும் ஒரு விஷயத்தில் அவள் கறாராக இருந்தாள். மாணவர்கள் குனிந்து, "ஆன்ட்டி, ஏமி கேஸு? செப்பண்டி ப்ளீஸ்" என்று கிசுகிசுத்தால், "பார்த்துச் சொல்லு ராஜா" என்பாள். ஒரு தடவைகூட நோயின் பெயரைச் சொன்னதில்லை.

சொல்ல வேண்டிய தேவையும் போகப் போக இல்லாமல் போயிற்று. 2004, 2005 வாக்கில் மாணவர்களிடையே ஒரு ஜெராக்ஸ் தாள் சுற்ற ஆரம்பித்தது. எந்த நோயாளிக்கு என்ன நோய் என்ற பட்டியல். 'கீ-ஹோல் ஆன்ட்டி: வலது கண், கொலபோமா.' பரீட்சை நாள் காலையில் யார் எந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆயா மூலம் நம்பரும் வந்துவிடும். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதும். எழுத்து அட்டையும் போயிற்று, அழுத்தம் பார்ப்பதும் போயிற்று. நேராக வலது கண்ணில் டார்ச். எப்போதாவது ஒருவன் பரீட்சகரின் பார்வைக்குப் பயந்து விரல் சோதனை செய்வான். அதுவும் சடங்குக்கு.

கல்பகம் அதைத் தன் புகழ் என்று நினைத்துக்கொண்டாள். "அட்டையெல்லாம் காட்டறதே இல்லைங்க இப்போ. பார்த்தவுடனே தெரிஞ்சிடுது அவங்களுக்கு!"

"ஹவ், ஆமா, நீ சார்மினார் மாதிரி. யாராவது விலாசம் கேப்பாங்களா?" என்பார் வேணுகோபால்.

அதே காலத்தில்தான் ஹாஸ்டல் தாழ்வாரத்தில் பக்கெட்டுகள் அவள் காலில் இடிக்கத் தொடங்கின. வலது பக்கம் வைத்த டம்ளர் தட்டிக் கவிழ்ந்தது. படியில் ஒருமுறை கால் தவறி முழங்கால் சிராய்த்தது. "வார்டன் ஆன்ட்டி, கைக்கு இத்னா ஜல்தி? ஏன் இவ்ளோ அவசரம்?" என்று பெண்கள் சிரித்தார்கள். வலது பக்கம்தானே, அது பிறந்ததிலிருந்து நிழல்தானே என்று அவள் சமாதானப்பட்டாள். அந்தப் பக்கத்தையும் இத்தனை வருடம் இடது கண்தான் எட்டிப் பார்த்துக் காப்பாற்றி வந்தது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. தவிர, வருடத்துக்கு நூறு டாக்டர் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஏதாவது இருந்தால் சொல்லியிருக்க மாட்டார்களா?

2005 பரீட்சையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஒல்லியான ஒரு பையன் விரல் சோதனை செய்தான். பரீட்சகர் அவன் தோளுக்குப் பின்னால் நின்றார். "தெரியுதா ஆன்ட்டி?" கல்பகத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. பையன் கையைச் சரியாக நீட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். தெரியவில்லை என்று சொன்னால் இவன் செய்தது தப்பு என்று ஆகிவிடுமே! பாவம், யார் பெற்ற பிள்ளையோ! எந்த நேரத்தில் என்ன பதில் வர வேண்டும் என்பது அவளுக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

"தெரியுது" என்றாள்.

பரீட்சகர் தலையாட்டினார். பையனின் முகம் மலர்ந்தது. கல்பகத்துக்கு மனம் நிறைந்துபோயிற்று. நல்ல மனசோடு சொன்ன அந்த ஒரு வார்த்தையால் தன் கண்ணையே தான் பூட்டிக்கொண்டதை அவள் அறியவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், எதிரில் இருப்பவரின் தோள் அசைவதைப் பார்த்துக்கொண்டே சரியான நேரத்தில் "தெரியுது" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

2007 ஜனவரி. அந்த வருடம் அவளுக்கு நாலாம் நம்பர் ஸ்டூல். ஜன்னலோரம். காலை வெயில் சாய்வாக வந்து வலது கண்ணில் அடித்தது. சாவித் துவாரத்துக்கு வெயில் ஆகாது, கூசிக் கூசி நீர் கொட்டும். பக்கத்தில் ஐந்தாம் நம்பரில் ஆட்டோ ஓட்டும் யாதகிரி. கண்ணின் வெள்ளையிலிருந்து கறுப்பின் மேல் ஒரு சதை ஏறியிருந்தது அவருக்கு.

"அண்ணா, கொஞ்சம் இடம் மாறிக்கலாமா? வெயில்."

"தூப்லதான்க்கா நம்ம ஜிந்தகி, வெயில்லயே ஓடுது" என்று சொல்லிவிட்டு யாதகிரி மாறிக்கொண்டார்.

முதல் மணி அடித்தது. ஒரு பெண் விறுவிறுவென்று வந்து நாலாம் நம்பருக்கு எதிரில் உட்கார்ந்தாள். டார்ச்சை ஒரு முறை காட்டினாள். கண்களைக் கூரைக்கு உயர்த்திக்கொண்டு கடகடவென்று ஒப்பிக்க ஆரம்பித்தாள். வலது கண், சாவித் துவாரம், கொலபோமா, கருவின் ஆறாவது வாரம்…

பரீட்சகர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "சரிம்மா. அந்தச் சாவித் துவாரம் எங்கே இருக்கு? எனக்குக் கொஞ்சம் காட்டேன்."

பெண் குனிந்து யாதகிரியின் கண்ணை அப்போதுதான் பார்த்தாள். ஹால் முழுக்கச் சிரித்தது. யாதகிரிகூடச் சிரித்தார். அடுத்து வந்தவர்கள் உஷாரானார்கள். அவள் மட்டும் ஃபெயில்.

ஐந்தாம் நம்பரில் உட்கார்ந்திருந்த கல்பகம் சிரிக்கவில்லை. அந்தப் பெண் டார்ச்சை அணைக்கக்கூட மறந்து, எரியும் டார்ச்சோடு வெளியே போனதை அவளால் மறக்க முடியவில்லை.

"ஒரு வெயிலைத் தாங்கிக்க முடியலையே எனக்கு. ஒரு பொண்ணோட ஆறு மாசம் போச்சு" என்று வீட்டில் புலம்பினாள்.

"நீ இடம் மாறினதுக்கா ஃபெயிலானா? பார்க்காம சொன்னதுக்கு ஃபெயிலானா. நக்கோ கல்பு, உன் தலையில போட்டுக்காதே."

அவள் போட்டுக்கொண்டாள்.

ஜூலையில், தவறியவர்களுக்கு மறுபரீட்சை. சப்ளி என்பார்கள். வெளியே மழை. ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். கல்பகத்தின் எதிரில் வந்து உட்கார்ந்தவளைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டார்ச் பெண்!

"நமஸ்தே ஆன்ட்டி. நா பேரு சாஹித்யா." ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா அங்கே ஃபேக்டரியில். வீட்டில் தமிழ் கேட்பாள், பதில் தெலுங்கில் வரும், அவசரத்துக்கு எல்லாம் கலந்து வரும்.

எட்டு வருட விரதத்தைக் கல்பகம் உடைத்தாள். முன்னால் சாய்ந்து, உதடு அசையாமல், "கொலபோமாம்மா. வலது கண்ணு. கீழ, மூக்குப் பக்கம். சொல்லிட்டுப் போயிடு" என்றாள்.

சாஹித்யா சிரித்தாள். "தெரியும் ஆன்ட்டி. ஹைதராபாத்துக்கே தெரியும். ப்ளீஸ், சொல்லாதீங்க. நேனே சூஸ்தானு." நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள்! போன தடவை பார்க்காததற்கு இந்தத் தடவை எல்லாவற்றையும் பார்ப்பதென்று வைராக்கியம் போலிருக்கிறது.

எழுத்து அட்டையிலிருந்து ஆரம்பித்தாள். வலது கண்ணை மூடச் சொல்லி, இடது கண்ணால் படிக்கச் சொன்னாள். கல்பகம் கடைசிக்கு முந்தின வரிவரை படித்தாள். நேர்ப் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் இடது கண்ணில் இருந்த நோயின் வஞ்சகம்.

பிறகு முழங்கால் தொடுகிற தூரத்தில் எதிரில் உட்கார்ந்தாள். "என் கண்ணையே பாருங்க ஆன்ட்டி. விரல் ஆடறது தெரிஞ்சதும் சொல்லுங்க."

தோள் அசைந்தது. "தெரியுது" என்றாள் கல்பகம்.

சாஹித்யாவின் புருவம் சுருங்கியது. விரலை அவள் இன்னும் ஆட்டவே ஆரம்பிக்கவில்லை. மறுபடி கையை நீட்டினாள்.

"இப்போ?"

"தெரியுதும்மா."

"என்ன பண்றேன் விரலை?"

"ஆட்டறே."

சாஹித்யாவின் குரல் இறங்கியது. "ஆன்ட்டி, நான் விரலை மடக்கி வெச்சிருக்கேன்."

கல்பகம் திரும்பிப் பார்த்தாள். மூடிய முஷ்டி.

"நீ பாஸ் ஆகணும்னுதாம்மா…" என்று இழுத்தாள் கல்பகம். "தெரியலன்னா உன் தப்புன்னு சொல்லிடுவாங்களே."

"எத்தனை நாளா இப்படிச் சொல்றீங்க?"

"ரெண்டு வருஷம் இருக்கும். எல்லாப் பிள்ளைங்களுக்கும்."

சாஹித்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்னக் கை ஜில்லென்று இருந்தது. "நான் ஃபெயிலானா ஆகறேன் ஆன்ட்டி. பரவால்ல. தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க. சரியா?"

விரல் புறப்பட்டது. "தெரியல." இன்னும் உள்ளே வந்தது. "தெரியல." இன்னும். "தெரியல." ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கல்பகத்தின் குரல் சிறுத்துக்கொண்டே போயிற்று. விரல் சாஹித்யாவின் காதுக்கு அருகில் வந்தபோதுதான் அது இருளிலிருந்து எட்டிப் பார்ப்பது போல முளைத்தது. மேலே, கீழே, வலது, இடது, எல்லாப் பக்கமும் அதே கதை. அவளுடைய உலகம் ஒரு ரயில் ஜன்னல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவள் அதை அந்த நிமிடம்தான் பார்த்தாள்.

சாஹித்யா இமையின் மேல் விரல் வைத்து அழுத்தினாள். கண் கெட்டியாக இருந்தது. மணி அடித்தது. பரீட்சகர் வந்தார். பக்கத்தில் கிரிஜா. இப்போது அவர் துறைத் தலைவர்.

"சொல்லும்மா. வலது கண்ணில் என்ன?"

"சார், இடது கண்ணுலேருந்து ஆரம்பிக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். பக்கப் பார்வை எல்லாப் பக்கமும் சுருங்கியிருக்கிறது. அழுத்தம் கூடுதலாகத் தெரிகிறது. கிளாக்கோமாவாக, அதாவது கண்ணழுத்த நோயாக, இருக்கலாம். உடனே கருவி வைத்து அளக்க வேண்டும்.

பரீட்சகர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இது கொலபோமா கேஸ். அதைச் சொல்லு."

"வலது கண் பிறந்ததிலிருந்து அப்படித்தான் சார் இருக்கு. கொலபோமாதான். அது எங்கேயும் போகாது. இடது கண் இப்போ போய்க்கிட்டிருக்கு."

கிரிஜா யாரையும் கேட்காமல் முன்னால் வந்து, கண்ணுக்குள் பார்க்கும் கருவியை எடுத்து, கல்பகத்தின் இடது கண்ணோடு தன் கண்ணை வைத்தார். எட்டு வருடத்தில் முதல் தடவை. அரை நிமிடம் கழிந்தது. ஒரு நிமிடம். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் முனை உள்ளே குழிந்து, வெளுத்துக் கிடந்தது. அழுத்தம் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு இருந்ததை அன்றே அளந்தார்கள்.

கிரிஜா தன் இடது உள்ளங்கையை விரித்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கையாலதான் கல்பகம்மா. ஒவ்வொரு தடவையும். கூச வேண்டாம்னு இந்தக் கையாலேயே மூடி மூடி வெச்சேன்."

"அழாதீங்க டாக்டர்" என்றாள் கல்பகம். "நீங்க கையால மூடினீங்க. நான் வாயால மூடினேன்."

பரீட்சகர் தாளில் ஏதோ எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து முடிவு வந்தபோது சாஹித்யா பாஸ்.

வேணுகோபாலுக்கு அன்று ஒரு ஜோக்கும் வரவில்லை. மருந்துச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இருக்கிறது நிக்குமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார்.

"போனது வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். நான் காப்பாத்தறேன்."

கிரிஜாவே ஆபரேஷன் செய்தார். அழுத்தம் இறங்கியது. சொட்டு மருந்து புட்டியில் வேணுகோபால் ஒரு பார்சல் லேபிளைக் கட்டித் தொங்கவிட்டார். 'இடது. காலை 7, இரவு 7. உடையும் பொருள். கவனம்.'

செப்டம்பரில் ஒரு நாள் கிரிஜா கல்பகத்தைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். கண்ணின் உள்ளே படமெடுக்கும் கேமரா புதிதாக வந்திருந்தது. "அன்னைக்குக் கேட்டீங்களே, உள்ளே என்ன தெரியுதுன்னு."

"முதல்ல இடது" என்றாள் கல்பகம்.

திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் வந்தது. கிளை கிளையாக ரத்தக் குழாய்கள். நடுவில் வெளுத்த ஒரு சின்னக் கிண்ணம். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு வலது கண்ணின் படம் வந்தது. கீழ்ப் பாதியில் பெரிதாக, வெள்ளை வெளேரென்று ஓர் இடம்.

"இதுதானா? தோசை வார்க்கும்போது மாவு பரவாம விட்டுப்போன இடம் மாதிரி இருக்கே!" வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மாவுக்குக் காட்டியிருக்கலாம்."

2008 ஜனவரியில் பரீட்சை வந்தது. கூப்பிட வேண்டாம் என்று கிரிஜா நினைத்திருந்தார். கல்பகம் தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டாள். இந்த வருடம் ஆறாம் நம்பர் ஸ்டூல், ஜன்னலுக்கு எதிர்ப் பக்கம். ஜெராக்ஸ் தாள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. முதலில் வந்த பையன் நேராக வலது கண்ணுக்கு டார்ச்சைக் கொண்டுபோனான்.

கல்பகம் தன் கையால் வலது கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதல்ல இது ராஜா. விரலை நீட்டு."

அவன் விழித்தான். பரீட்சகர் பின்னால் நிற்கிறார். வேறு வழியில்லாமல் எதிரில் உட்கார்ந்து கையை அகல நீட்டினான். விரல் ஆடியது.

"தெரியுதா ஆன்ட்டி?"

"தெரியல."

பையன் விரலை இன்னும் உள்ளே கொண்டுவந்தான். "இப்போ?"

"தெரியல" என்றாள் கல்பகம், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "அவசரப்படாதே. வா, வந்துக்கிட்டே இரு. தெரிஞ்சா நானே சொல்றேன்."